அகமது எமின் யால்மன்

அகமது எமின் யால்மன் (மே 14, 1888 - டிசம்பர் 19, 1972) துருக்கி நாட்டைச் சேர்ந்த இதழாளர், எழுத்தாளர், பேராசிரியர் ஆவார். துருக்கிய மொழியில் வெளிவந்த வத்தன் என்னும் தாராளவாத நாளிதழின் நிறுவனராகவும் தலைமை ஆசிரியராகவும் இவர் பெரிதும் அறியப்படுகிறார். உதுமானியப் பேரரசின் இறுதிக் காலம், நேச நாடுகளின் ஆக்கிரமிப்பு, துருக்கிக் குடியரசின் ஒரு கட்சி ஆட்சி, பல கட்சி ஆட்சி ஆகிய நான்கு காலகட்டங்களிலும் இவர் இதழாளராக இருந்தார். நான்கிலும் நாடுகடத்தல், சிறை, இதழ் மூடல் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எதிர்கொண்டார். துருக்கியில் 1950 ஆம் ஆண்டு நிகழ்ந்த அமைதியான ஆட்சி மாற்றத்துக்கு வத்தன் இதழ் முக்கியப் பங்காற்றியது. அதே ஆட்சி பத்து ஆண்டுகளுக்குள் இவரைச் சிறைக்கு அனுப்பியது.

பெயர்

இவரது இயற்பெயர் அகமது எமின் என்பதாகும். துருக்கியில் 1934 ஆம் ஆண்டு குடும்பப்பெயர்ச் சட்டம் இயற்றப்படும் வரை பெரும்பாலோர்க்குக் குடும்பப்பெயர் கிடையாது. அச்சட்டத்திற்குப் பின்னரே யால்மன் என்பதை இவர் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். எனவே 1934க்கு முற்பட்ட இவருடைய எழுத்துகள் அகமது எமின் என்ற பெயரிலேயே காணப்படுகின்றன.

வத்தன் என்ற துருக்கியச் சொல்லுக்குத் தாயகம் என்று பொருள். இது அரபு மூலத்தைக் கொண்டது. உருது, இந்தி மொழிகளில் வழங்கும் வதன் என்பதும் இதே சொல்லாகும்.

இளமையும் கல்வியும்

அகமது எமின் அன்றைய உதுமானியப் பேரரசின் துறைமுக நகரான செலானிக்கில் பிறந்தார். இந்நகரம் இன்று தெசாலோனிக்கி என்ற பெயரில் கிரேக்க நாட்டில் உள்ளது. தந்தை ஒசுமான் தெவ்பிக் ஓர் ஆசிரியர். துருக்கியர், யூதர், கிரேக்கர், பல்காரியர் எனப் பல இனத்தவர் சேர்ந்து வாழ்ந்த செலானிக், பேரரசின் புதிய கருத்துகள் பலவற்றுக்கு நுழைவாயிலாக இருந்தது. துருக்கிக் குடியரசை நிறுவிய முசுதபா கெமால் அத்தாத்துர்க் பிறந்ததும் இந்நகரிலேயே ஆகும்.

இவரது குடும்பம் தோன்மே எனப்படும் சமூகத்தைச் சேர்ந்தது. 17 ஆம் நூற்றாண்டில் தம்மை மீட்பராக அறிவித்துக்கொண்டு பின்னர் இசுலாத்தைத் தழுவிய யூத மதகுரு சபத்தாய் செவியைப் பின்பற்றியவர்களின் வழித்தோன்றல்களே தோன்மே மக்கள். பிற்காலத்தில் எதிரிகள் இவரைத் தாக்குவதற்கு இந்தப் பிறப்புப் பின்னணியை அடிக்கடி பயன்படுத்தினர். இவரோ அதை மறைக்க முயலவில்லை. தம் சமூகத்தின் வரலாற்றை 1924 ஆம் ஆண்டு வத்தன் இதழில் தொடராகவே வெளியிட்டார்.

செலானிக்கில் தொடக்கக் கல்வி பெற்ற பின் இசுதான்புல் நகரின் செருமானியப் பள்ளியில் பயின்றார். 1907 ஆம் ஆண்டு சபாஹ் (காலை) என்ற நாளிதழில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்தார். அப்போது சுல்தான் இரண்டாம் அப்துல் அமீதின் தணிக்கை கடுமையாக இருந்தது. ஒவ்வொரு பக்கமும் தணிக்கை அலுவலரின் பார்வைக்குச் சென்று வந்த பின்னரே அச்சேறியது. 1908 ஜூலையில் அரசியலமைப்பு மீண்டும் நடைமுறைக்கு வந்ததும் நாளிதழ்கள் தணிக்கையாளருக்குப் பக்கங்களை அனுப்ப மறுத்து வெளிவந்தன. இசுதான்புல்லில் புதிய இதழ்கள் பெருகின. இருபது வயது இளைஞராக இந்த மாற்றத்தை அகமது எமின் செய்தி அறைக்குள் இருந்தே கண்டார்.

கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வு

அரசால் உயர்கல்விக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு அமெரிக்கா சென்ற அகமது எமின், நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பயின்றார். துருக்கியின் இதழ்களை அளவுகோலாகக் கொண்டு அந்நாட்டின் வளர்ச்சியை அளக்கும் இவரது முனைவர் பட்ட ஆய்வு 1914 ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தது.

துருக்கிய மொழியின் முதல் அரசிதழான தக்வீம்-இ வெகாயி 1831 ஆம் ஆண்டில் தோன்றியது. தனியார் துருக்கியர் நடத்திய முதல் இதழான தெர்ஜுமான்-இ அக்வால் 1860 ஆம் ஆண்டில் தோன்றியது. அங்கிருந்து தொடங்கி, ஒரு நாட்டின் மக்கள் எதைப் பேச முடிகிறது, எதைப் பேச முடியவில்லை என்பதை அதன் இதழ்களின் வழியே அறியலாம் என்னும் கருத்தை இந்நூல் முன்வைத்தது. துருக்கிய இதழியல் வரலாற்றைப் பயில்வோர்க்கு இது இன்றளவும் அடிப்படை நூல்களுள் ஒன்றாக விளங்குகிறது.

முதலாம் உலகப் போரும் நாடுகடத்தலும்

1914 ஆம் ஆண்டு நாடு திரும்பிய இவர் இசுதான்புல் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் அறிஞர் சியா கோகால்ப்பின் துணையாளராகப் பணியாற்றினார். அங்குப் புள்ளியியலும் கற்பித்தார். போர்க் காலத்தில் செருமனிக்குச் சென்று போர்ச் செய்திகள் எழுதினார். 1917 ஆம் ஆண்டு மெகுமத் ஆசிம் என்பவருடன் சேர்ந்து வக்கித் (காலம்) என்ற நாளிதழைத் தொடங்கினார்.

1918 இல் உதுமானியப் பேரரசு தோல்வியுற்றது. நாட்டைத் துண்டாடாமல் காக்கும் வழி எது என்ற வினா அறிவாளர்களைப் பிளவுபடுத்தியது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சன் அறிவித்த கொள்கைகளின் பேரில் 1918 டிசம்பரில் வில்சன் கொள்கைகள் கழகம் நிறுவப்பட்டது. இதன் நிறுவனர்களில் எழுத்தாளர் காலிதே எதிப்புடன் அகமது எமினும் ஒருவர். குறிப்பிட்ட காலத்துக்கு அமெரிக்காவின் வழிகாட்டலை ஏற்கலாம் என்பது இவர்களின் நிலைப்பாடு. முழு விடுதலையே வேண்டும் என்ற கருத்து 1919 ஆம் ஆண்டு அனத்தோலியாவில் வலுப்பெற்றதும் இக்கழகம் மறைந்தது. எனினும் இந்நிலைப்பாட்டுக்காக இவர் வாழ்நாள் முழுவதும் விமர்சிக்கப்பட்டார்.

1919 ஆம் ஆண்டு இசுதான்புல் அரசு இவரைக் குத்தாகியா நகருக்கு நாடுகடத்தியது. 1920 மார்ச்சில் நேச நாட்டுப் படைகள் இசுதான்புல்லை முறைப்படி ஆக்கிரமித்த பின் பிரித்தானியர் இவரைக் கைது செய்து மால்ட்டா தீவுக்கு அனுப்பினர். துருக்கிய அரசியல்வாதிகள், படை அதிகாரிகள், இதழாளர்கள் பலர் அங்கே காவலில் வைக்கப்பட்டிருந்தனர். 1921 ஆம் ஆண்டு விடுதலை பெற்றுத் திரும்பினார்.

1922 ஜனவரியில் வக்கித் இதழுக்காக முசுதபா கெமாலைச் சந்தித்து அவரது இளமைக்காலம் பற்றிய நேர்காணலை வெளியிட்டார். தம்மை எப்பள்ளியில் சேர்ப்பது என்பதில் தாய்க்கும் தந்தைக்கும் இருந்த கருத்து வேறுபாடு உள்ளிட்ட செய்திகளை முசுதபா கெமால் அதில் கூறினார். அத்தாத்துர்க்கின் இளமை பற்றிப் பிற்காலத்தில் எழுதப்பட்ட வாழ்க்கை வரலாறுகள் பலவும் இந்நேர்காணலைச் சார்ந்தே அமைந்தன.

வத்தன்: முதற்காலம் (1923 - 1925)

வக்கித் இதழிலிருந்து விலகிய அகமது எமின், 1923 மார்ச் 26 அன்று இசுதான்புல்லில் வத்தன் நாளிதழைத் தொடங்கினார். அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று குடியரசு அறிவிக்கப்பட்டது. புதிய அரசின் தலைநகரம் அங்காரா. பெரும்பாலான நாளிதழ்களோ இசுதான்புல்லில் இருந்தன. இதனால் அங்காராவின் முடிவுகளைக் கேள்வி கேட்கும் இடமாக இசுதான்புல் இதழ்கள் அமைந்தன. வத்தன் குடியரசையோ சீர்திருத்தங்களையோ எதிர்க்கவில்லை. அதிகாரம் ஓரிடத்தில் குவிவதையே அது கேள்விக்கு உட்படுத்தியது. 1924 நவம்பரில் தோன்றிய எதிர்க்கட்சியான முற்போக்குக் குடியரசுக் கட்சியிடம் பரிவு காட்டியது.

1925 பிப்ரவரியில் நாட்டின் கிழக்கில் சேக் சயித் தலைமையில் கிளர்ச்சி வெடித்தது. மார்ச் 4 அன்று அமைதி நிலைநாட்டுச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. இச்சட்டம் எந்த அமைப்பையும் எந்த இதழையும் மூடும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியது. எதிர்க்கட்சி ஜூன் மாதம் மூடப்பட்டது. ஆகஸ்ட் மாதம் வத்தன் மூடப்பட்டது. அகமது எமின் உள்ளிட்ட இதழாளர்கள் கைது செய்யப்பட்டுக் கிழக்கு நகரான எலாசிக்கில் இயங்கிய சிறப்பு நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டனர். விடுதலை நீதிமன்றங்கள் என்று அழைக்கப்பட்ட இவற்றின் மரண தண்டனைகள் உடனுக்குடன் நிறைவேற்றப்பட்டு வந்த காலம் அது. இதழாளர்கள் முசுதபா கெமாலுக்குத் தந்தி அனுப்பினர். பின்னர் விடுவிக்கப்பட்டனர். உயிர் தப்பினாலும் இவரது தொழில் பறிபோயிற்று.

இதழில்லா ஆண்டுகளும் டான் நாளிதழும்

அடுத்த பத்து ஆண்டுகளுக்கு மேலாக அகமது எமின் நாளிதழ் நடத்தவில்லை. அமெரிக்க நிறுவனங்களின் முகவராக வணிகத்தில் ஈடுபட்டார். இக்காலத்தில் உலகப் போரில் துருக்கி என்ற ஆங்கில நூலை எழுதினார். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் இதனை 1930 ஆம் ஆண்டு வெளியிட்டது. போர்க்காலப் பொருளாதாரம், பொது நலம் ஆகியவற்றோடு ஆர்மீனியர்களின் வெளியேற்றத்தையும் இந்நூல் ஆராய்ந்தது.

1936 ஆம் ஆண்டு செகரியா செர்த்தெல், காலில் லுத்பி தோர்துன்ஜு ஆகியோருடன் சேர்ந்து டான் (விடியல்) நாளிதழை வாங்கி இதழியலுக்குத் திரும்பினார். 1931 ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் அப்போது நடைமுறையில் இருந்தது. அதன் 50 ஆம் பிரிவின்படி, நாட்டின் பொதுக் கொள்கைக்கு எதிரானது என்று கருதும் இதழை நீதிமன்றம் செல்லாமலே அமைச்சரவை தற்காலிகமாக மூடலாம். 1938 ஆம் ஆண்டு அத்தாத்துர்க்கின் உடல்நலக் குறைவு பற்றி யால்மன் எழுதியதற்காக டான் மூன்று மாதங்கள் மூடப்பட்டது. இதன் பின்னர் அவர் அவ்விதழிலிருந்து விலகினார்.

வத்தன்: இரண்டாம் காலம்

1940 ஆகஸ்ட் மாதம் யால்மன் வத்தன் இதழை மீண்டும் தொடங்கினார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. துருக்கி நடுநிலை வகித்தது. செருமானியப் படைகள் 1941 ஆம் ஆண்டு பல்கேரியா, கிரேக்கம் வரை வந்துவிட்ட நிலையில் செருமனியைச் சினமூட்டக் கூடாது என்பதில் அரசு கவனமாக இருந்தது. வத்தன் வெளிப்படையாக நேச நாடுகளின் பக்கம் நின்று நாசிசத்தைக் கண்டித்தது. இட்லரைக் கேலி செய்யும் சார்லி சாப்ளினின் தி கிரேட் டிக்டேட்டர் திரைப்படக் காட்சி ஒன்றை வெளியிட்டதற்காகவும் இவ்விதழ் மூடப்பட்டது. ஒரு நகைச்சுவைப் படத்தின் நிழற்படம் நாளிதழையே நிறுத்தக்கூடிய அளவுக்கு அன்றைய கட்டுப்பாடு இருந்தது.

பல கட்சி முறைக்கு மாற்றம்

வத்தன் இதழின் செல்வாக்கு உச்சத்தை அடைந்தது 1945 முதல் 1950 வரையிலான ஆண்டுகளில் ஆகும். 1923 முதல் குடியரசு மக்கள் கட்சி மட்டுமே ஆண்டு வந்தது. 1945 ஜூன் 7 அன்று அக்கட்சியின் உறுப்பினர்களான செலால் பயார், அத்னான் மெந்தெரெசு, புவாத் கோப்ருலு, ரெபிக் கொரால்தன் ஆகிய நால்வர் சனநாயக உரிமைகளைக் கோரி மனு அளித்தனர். கட்சி அதனை நிராகரித்தது.

ஒரு கட்சி ஆட்சியில் எதிர்க்கருத்துடையோர் நாடாளுமன்றத்திலும் வானொலியிலும் தம் கருத்தை மக்களுக்குக் கொண்டு செல்ல வழியில்லை. வத்தன் தன் பக்கங்களை அவர்களுக்குத் திறந்துவிட்டது. மெந்தெரெசும் கோப்ருலுவும் தம் கட்சித் தலைமையை விமர்சித்து அதில் எழுதினர். இக்கட்டுரைகளே காரணமாக 1945 செப்டம்பரில் இருவரும் கட்சியிலிருந்து நீக்கப்பட்டனர். கட்சிக்குள் அடங்கிப் போயிருக்கக்கூடிய ஒரு கருத்து வேறுபாடு இவ்வாறு பொதுமக்கள் விவாதிக்கும் செய்தியாயிற்று. 1946 ஜனவரி 7 அன்று நால்வரும் சனநாயகக் கட்சியைத் தொடங்கினர்.

1946 ஜூனில் அச்சகச் சட்டத்தின் 50 ஆம் பிரிவு திருத்தப்பட்டு, இதழ்களை மூடும் அதிகாரம் அரசிடமிருந்து நீதிமன்றங்களுக்கு மாற்றப்பட்டது. ஜூலைத் தேர்தலில் வாக்களிப்பு வெளிப்படையாகவும் எண்ணிக்கை மறைவாகவும் நடைபெற்றன. முறைகேடு குற்றச்சாட்டுகளுக்கிடையே சனநாயகக் கட்சி 60க்கும் மேற்பட்ட இடங்களைப் பெற்றது. மறைவான வாக்களிப்பும் வெளிப்படையான எண்ணிக்கையும் கொண்ட புதிய தேர்தல் சட்டம் 1950 பிப்ரவரியில் நிறைவேறியது. 1950 மே 14 அன்று நடந்த தேர்தலில் சனநாயகக் கட்சி ஏறத்தாழ 53 விழுக்காடு வாக்குகளுடன் 400க்கும் மேற்பட்ட இடங்களை வென்றது. 27 ஆண்டுகள் ஆண்ட கட்சி வாக்குச்சீட்டினால் பதவி விலகியது. அன்று யால்மனுக்கு 62 வயது நிறைந்தது.

நசீம் இக்மெத் விடுதலை இயக்கம்

பொதுக்கருத்தின் மீது வத்தன் செலுத்திய தாக்கத்துக்கு மற்றோர் எடுத்துக்காட்டு கவிஞர் நசீம் இக்மெத்தின் விடுதலை. படைவீரரிடையே கிளர்ச்சியைத் தூண்டியதாக 1938 ஆம் ஆண்டு இராணுவ நீதிமன்றங்கள் இவருக்கு 28 ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத் தண்டனை விதித்திருந்தன. 1949 ஆம் ஆண்டு முதல் வழக்கறிஞர் மெகுமத் அலி செபுக் இவ்வழக்கின் சட்டப் பிழைகளை ஆராய்ந்து வத்தன் இதழில் தொடர்ந்து எழுதினார்.

யால்மன் பொதுவுடைமைக் கொள்கைக்கு எதிரானவர். நசீம் இக்மெத்தோ பொதுவுடைமையாளர். எனினும் கவிஞரின் கொள்கை வேறு, அவருக்கு இழைக்கப்பட்ட அநீதி வேறு என்ற நிலையை வத்தன் எடுத்தது. கொள்கையால் மாறுபட்ட ஒருவருக்காகத் தாராளவாத நாளிதழ் ஒன்று வாதிட்டதால், அவ்வழக்கு இடதுசாரிகளின் கோரிக்கை என்ற எல்லையைக் கடந்து நீதி பற்றிய வினாவாக மாறியது. 1950 ஆம் ஆண்டு கவிஞர் உண்ணாநோன்பு மேற்கொண்டார். நாட்டிலும் வெளிநாடுகளிலும் ஆதரவு பெருகியது. புதிய அரசின் பொது மன்னிப்புச் சட்டத்தின் கீழ் 1950 ஜூலையில் அவர் விடுதலையானார்.

மலாத்தியா கொலை முயற்சி

1952 நவம்பர் 22 அன்று தலைமை அமைச்சர் மெந்தெரெசின் பயணச் செய்திகளுக்காக மலாத்தியா நகருக்குச் சென்றிருந்த யால்மனை உசேன் உசுமெசு என்ற இளைஞன் துப்பாக்கியால் சுட்டான். பல குண்டுகள் பாய்ந்தும் யால்மன் உயிர் பிழைத்தார். சமயச்சார்பின்மையை ஆதரித்த இவரைத் தோன்மே என்றும் நாட்டின் பகைவர் என்றும் சில தீவிர இதழ்கள் அதற்கு முன் தொடர்ந்து தாக்கி எழுதி வந்தன. சுட்டவனும் உடந்தையாக இருந்தோரும் தண்டிக்கப்பட்டனர். எழுத்தின் வழிப் பரப்பப்படும் வெறுப்பு துப்பாக்கியில் முடியக்கூடும் என்ற விவாதத்தை இந்நிகழ்ச்சி துருக்கியில் எழுப்பியது. நலம் பெற்ற யால்மன் மீண்டும் எழுதத் தொடங்கினார்.

சனநாயகக் கட்சியுடன் முரண்பாடு

1950 ஜூலையில் சனநாயகக் கட்சி அரசு ஒப்பீட்டளவில் தாராளமான அச்சகச் சட்டத்தை இயற்றியது. ஆனால் 1954 மார்ச்சில் அரசியல்வாதிகளின் நற்பெயருக்கும் நாட்டின் நிதி நிலைக்கும் ஊறு செய்யும் செய்திகளுக்குக் கடுந்தண்டனை விதிக்கும் சட்டம் வந்தது. 1956 ஆம் ஆண்டு அது மேலும் இறுக்கப்பட்டது. அமைச்சர் ஒருவர் மீது ஊழல் குற்றம் சாட்டி எழுதிய இதழாளர், அக்குற்றச்சாட்டு உண்மையானது என்று நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வாய்ப்பு வழங்கப்படவில்லை. செய்தி உண்மையாயினும் எழுதியவர் சிறை செல்ல வேண்டியிருந்தது.

மெய்ப்பிக்கும் உரிமை என்று அழைக்கப்பட்ட இக்கோரிக்கையை ஆளுங்கட்சியிலேயே சிலர் எழுப்பினர். அவர்கள் 1955 டிசம்பரில் பிரிந்து சுதந்திரக் கட்சியைத் தொடங்கினர். வத்தன் அவர்களை ஆதரித்தது. தாம் ஆட்சிக்கு வர உதவிய கட்சியை யால்மன் தம் இதழிலேயே விமர்சிக்கத் தொடங்கினார்.

அமெரிக்க நாளிதழ் உரிமையாளர் யூஜின் புல்லியம் மெந்தெரெசை விமர்சித்து எழுதிய கட்டுரையைத் துருக்கிய இதழ்கள் சில மொழிபெயர்த்து வெளியிட்டன. அவற்றுள் வத்தனும் ஒன்று. வெளியிட்ட இதழாளர்கள் மீது வழக்குத் தொடரப்பட்டது. யால்மனுக்கு 15 மாதங்களுக்கு மேற்பட்ட சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. 1960 மார்ச்சில் தம் 71 ஆம் வயதில் அவர் சிறை சென்றார். முதிய ஆசிரியர் ஒருவர் மொழிபெயர்ப்புக் கட்டுரைக்காகச் சிறையிடப்பட்டது வெளிநாடுகளிலும் கண்டனத்துக்கு உள்ளானது.

1960 மே 27 அன்று இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. வத்தன் பக்கங்களில் 1945 ஆம் ஆண்டு பேச்சுரிமைக்காக எழுதிய மெந்தெரெசு, 1961 செப்டம்பர் 17 அன்று தூக்கிலிடப்பட்டார்.

இறுதிக் காலம்

1961 ஆம் ஆண்டு பன்னாட்டு செய்தித்தாள் வெளியீட்டாளர் கூட்டமைப்பு முதன்முதலாக வழங்கிய சுதந்திரத்தின் பொற்பேனா விருது யால்மனுக்கு அளிக்கப்பட்டது. 1950 ஆம் ஆண்டு நியூயார்க்கில் உருவான பன்னாட்டு இதழியல் நிறுவனத்தின் தொடக்க உறுப்பினர்களிலும் இவர் ஒருவர்.

வத்தன் இதழிலிருந்து விலகிய பின் ஹூர் வத்தன் (சுதந்திரத் தாயகம்) என்ற நாளிதழைத் தொடங்கினார். அது நீண்ட நாள் நீடிக்கவில்லை. பின்னர் தம் நினைவுகளை எழுதுவதில் காலம் செலவிட்டார். 1972 டிசம்பர் 19 அன்று இசுதான்புல்லில் காலமானார். நாடக இயக்குநர் துஞ்ச் யால்மன் இவருடைய மகன்.

இவர் நிறுவிய வத்தன் வேறு கைகளுக்கு மாறி 1970களில் நின்றுபோனது. 2002 ஆம் ஆண்டு தொடங்கி 2018 ஆம் ஆண்டு வரை அச்சில் வெளிவந்த வத்தன் நாளிதழ் பெயரால் ஒன்றாயினும் வேறொரு நிறுவனம் தொடங்கியதாகும்.

மதிப்பீடு

1948 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஹுரியத் போன்ற வெகுசன நாளிதழ்களோடு வத்தன் விற்பனையில் போட்டியிடும் இதழன்று. படித்தோர், அரசு அலுவலர், அரசியல்வாதிகள் ஆகியோர் அதனைப் படித்தனர். பேச இடமில்லாதவர்க்குப் பக்கம் ஒதுக்கியதே அதன் செல்வாக்குக்குக் காரணமாயிற்று. 1945 இல் எதிர்க்கட்சிக்கும், 1949 இல் சிறையிலிருந்த கவிஞருக்கும், 1955 இல் ஆளுங்கட்சியிலிருந்து பிரிந்தோர்க்கும் அது களமாக விளங்கியது.

யால்மன் மீது விமர்சனங்களும் உண்டு. 1918-19 ஆம் ஆண்டுகளில் அமெரிக்க வழிகாட்டலை நாடியதைத் தேசியவாதிகள் மன்னிக்கவில்லை. அமெரிக்கச் சார்பை இடதுசாரிகள் குறை கூறினர். சனநாயகக் கட்சியின் போக்கைக் காலந்தாழ்த்தியே உணர்ந்தார் என்போரும் உளர். எனினும் தாம் ஆதரித்தவர்கள் அதிகாரத்துக்கு வந்த பின் அவர்களையும் அதே அளவுகோலால் அளந்ததும், அதற்குரிய விலையைச் சிறை சென்று கொடுத்ததும் துருக்கிய இதழியல் வரலாற்றில் இவருக்குத் தனி இடத்தைப் பெற்றுத் தந்துள்ளன.

எழுதிய நூல்கள் சில

இதழ்களின் வழி அளக்கப்பட்ட நவீனத் துருக்கியின் வளர்ச்சி (ஆங்கிலம், 1914)
உலகப் போரில் துருக்கி (ஆங்கிலம், 1930)
என் காலத்துத் துருக்கி (ஆங்கிலம், 1956)
அண்மை வரலாற்றில் நான் கண்டவையும் பட்டவையும் (துருக்கியம், நினைவுக் குறிப்புகள், 1970)